கலைந்த எழுத்தும் கரந்த சொல்லும்

ஞாயிறு வெளியீடுகளின் சிறுவர் பக்கங்களிலும், தரம் ஐந்து புலமைப்பரிசில் பரீட்சைக்கு மாணவரைப் பயிற்றும் வினாத்தாள்களிலும், ஒரு சொல்லின் எழுத்துக்களை முறைமாற்றி நிறுத்தி, அவற்றைக் கொண்டு சரியான சொல்லை எழுதுமாறு கேட்கும் வினாவை நாம் அடிக்கடி காண்கின்றோம். குறுக்கெழுத்துப் போட்டிக்குக் கிடைத்த மதிப்பிற் சிறு பங்கேனும் இதற்குக் கிடைத்ததில்லை. பெரியோர் இதனைப் பிள்ளை விளையாட்டு என்று ஒதுக்குவர். ஆசிரியர் இதனைப் பாடவேளையின் இறுதி ஐந்து நிமிடத்தை நிரப்பும் பொருளாகக் கொள்வர். யானும் அவ்வாறே கொண்டிருந்தேன், ஒரு மாணவனுடைய விடைத்தாளிற் பிழை செய்யும் வரை.

ஒருகொடவத்தையிலே, பேஸ்லைன் வீதியும் அவிசாவளை வீதியும் கூடும் சந்திக்கு அண்மையில் உள்ள பிள்ளைகள் சிலருக்கு மாலை வேளைகளிற் பாடஞ் சொல்லி வருகின்றேன். பயிற்சித்தாள் ஒன்றில் 'வு, க, த' என மூன்றெழுத்துக்கள் தரப்பட்டிருந்தன. விடைப்பட்டியலில் இருந்த சொல் 'கதவு'. மாணவன் ஒருவன் 'தகவு' என்று எழுதியிருந்தான். இருபது தாள்களைத் திருத்திக் களைத்த கை, பட்டியலைப் பார்த்து, சிவப்பு மையாற் குறுக்குக் கோடு ஒன்றை இழுத்துவிட்டது. மறுநாள் அவன் தாளைக் கொண்டுவந்து, "சேர், இதுவும் சொல்தானே? நீங்கள் பாடமாக்கச் சொன்ன குறளில் வருகிறதே" என்றான். அக்குறள் அமைந்துள்ள அதிகாரம் 'நடுவுநிலைமை'. அதனை அவனுக்குப் பாடஞ் சொன்னவனும் யானே.

அன்று தொடங்கி இவ்வகைப் புதிர்களைச் சற்று உற்றுநோக்கலானேன். நோக்கியவற்றுட் பெரும்பாலானவை ஆங்கிலப் புதிரின் உருவத்தை அப்படியே பெயர்த்தெடுத்து, தமிழெழுத்தின் இயல்பை எண்ணாது இயற்றப்பட்டவை என்பது என் முடிபு. அம்முடிபுக்குரிய காரணங்களை ஈண்டு எடுத்துரைக்க விழைகின்றேன்.

முதலாவது, கலைக்கப்படுவது யாது என்னும் வினா. ஆங்கிலத்தில் இருபத்தாறு எழுத்துக்களும் தனித்தனி நிற்பவை. உயிரும் மெய்யும் வேறு வேறு கட்டைகளாக உருளும். அதனால் ஐந்தெழுத்துச் சொல்லொன்று 120 வகையாக நிற்கக்கூடும். உண்ணுதலைக் குறிக்கும் மூன்றெழுத்துக்களே இடம்மாறித் தேநீரையும், மீண்டும் மாறி உண்டதையும் குறிக்கும். 1954இல் அமெரிக்கச் செய்தித்தாள்களில் மாட்டின் நேடல் என்பவர் தொடங்கிய கலைந்த சொற்புதிர் இந்த இயல்பின் மேலேயே கட்டப்பட்டது. அதற்கு முன்னர் 1930களில், வேலையிழந்திருந்த கட்டடக் கலைஞர் அல்பிரட் பட்ஸ், செய்தித்தாள்களில் எந்த எழுத்து எத்தனை முறை வருகின்றது என்று எண்ணிப் பார்த்து 'ஸ்கிரபிள்' ஆட்டத்துக்கு அடியிட்டார். தம் மொழியின் எழுத்தை எண்ணிய பின்னரே அவர் ஆட்டத்தை வகுத்தார் என்பது நினைக்கத்தக்கது.

தமிழிலோ எழுத்து என்பது உயிராகவும் மெய்யாகவும் மட்டுமன்றி உயிர்மெய்யாகவும் நிற்கும். 'யானை' என்பது இரண்டெழுத்து. இரண்டெழுத்தைக் கலைத்தால் 'னையா' என்பதன்றி வேறு யாது வரும்? இதனைப் புதிர் என்று அச்சிடுவது காகிதத்துக்குச் செய்யும் தீங்கு. அதனையே ய், ஆ, ன், ஐ என உயிரும் மெய்யுமாகப் பிரித்துக் கொடுத்தால் நான்கு உறுப்பு, இருபத்துநான்கு நிலை. அப்பொழுது பிள்ளை வெறுமனே இடமாற்றாது, மெய்யோடு உயிரைப் புணர்த்தி எழுத்தை ஆக்கிப் பின்னர்ச் சொல்லை ஆக்க வேண்டும். ஒரே விளையாட்டிற் புணர்ச்சியிலக்கணத்தின் முதற்படியும் அடங்கிவிடுகின்றது.

இவ்விரு அளவைகளுக்கும் உள்ள வேறுபாடு சிறிதன்று. 'படகு', 'பகடு' என்னும் இரண்டையும் எடுத்துக்கொள்க. முன்னதில் உள்ள எழுத்துக்கள் ப, ட, கு; பின்னதில் உள்ளவை ப, க, டு. எழுத்தளவில் இவை வெவ்வேறு. ப், அ, ட், அ, க், உ எனப் பிரித்து நோக்கினால் இரண்டும் ஒரே பையிலிருந்து எடுத்த காய்கள். 'காலம்', 'கலாம்' என்பனவும் அவ்வாறே. நெடிலும் குறிலும் இடம்மாறியவுடன் பொழுது பூசலாயிற்று. எந்த அளவையைக் கொள்வது என்று புதிரின் தலையிற் சொல்லாது விடுபவர், அளவுகோலைக் கொடாது துணி அளக்கச் சொல்பவரை ஒப்பர்.

மூன்றாவது அளவை ஒன்றும் அண்மைக்காலத்திற் புகுந்துவிட்டது. அது பொறியின் அளவை. யாழ்ப்பாணத்தவரான ஆர். முத்தையா மலாயாவிலிருந்து தமிழ்த் தட்டச்சுப் பொறிக்கு வழி கண்டபோது, 247 எழுத்துக்களுக்கும் தனித்தனி விசை அமைத்தல் இயலாமையின், கொம்பு, கால், விசிறி முதலிய உறுப்புக்களைப் பிரித்தே விசைகளில் அமைக்க நேர்ந்தது. கணினியின் ஒருங்குறியும் அகரமேறிய மெய்யை ஒன்றாகவும், அதன்மேல் ஏறும் உயிர்க்குறியையும் புள்ளியையும் வேறொன்றாகவும் வைக்கின்றது. இவ்வாறாக ஏழெழுத்துக்கொண்ட 'ஒருகொடவத்தை' கணினிக்குப் பதினொரு குறியாகும். தட்டச்சு செய்வதற்கு இதனால் ஓர் இடரும் இல்லை. எழுத்தின் எல்லை அறியாத நிரல் ஒன்றைக்கொண்டு சொல்லைக் கலைத்தாலோ, குறிகள் தம் மெய்யை விட்டு ஓடிவிடும். பயிற்சித்தாள் ஒன்றிற் புள்ளிகளால் ஆகிய வெறும் வட்டத்தின் அருகே ஒரு கொம்பும், வேறோரிடத்தில் அநாதையாக ஒரு காலும் அச்சாகியிருந்ததைக் கண்டேன். அதனையும் ஓர் எழுத்து என்று எண்ணி, அதனை எப்படி உச்சரிப்பது என்று பிள்ளை கேட்டால் யாது விடை கூறுவது?

இனி, விடை காணும் வழியை நோக்குவோம். கலைந்த எழுத்தைச் சேர்த்தல் வெறும் ஊகம் என்று எண்ணுவோர் தொல்காப்பியத்து நூன்மரபையும் மொழிமரபையும் மறந்தவராவர். எவ்வெழுத்து மொழிக்கு முதலாகும், எது ஈறாகும், எம்மெய்யின் பின் எம்மெய் மயங்கும் என்பனவற்றை அந்நூல் வகுத்துள்ளது. நன்னூலார் சிற்சில வேறுபாட்டோடு அவற்றைத் தொகுத்தனர். தேர்வுக்கு முதல்நாள் மனனஞ் செய்து தேர்வுக்கு மறுநாள் மறக்கும் பகுதி இதுவென்பதை வெளிவாரிப் பட்டத்துக்குப் படித்த காலத்தில் என் அனுபவத்தாலேயே அறிவேன். எழுத்துப்புதிரின் முன் இருந்தபோதுதான் இச்சூத்திரங்களுக்கு வேலை உண்டு என்பது புலனாயிற்று.

'ள, க், வி, கு' என்பவற்றை எடுத்துக்கொள்வோம். நான்கெழுத்து 24 வகையாக நிற்கலாம். ளகரம் மொழிக்கு முதலாகாது. தனிமெய்யும் முதலாகாது. ககர மெய் மொழிக்கு ஈறாகாது. தன்னின மெய்யோடன்றிப் பிற மெய்யோடு மயங்கவும் ஆகாது. ஆகவே 'க்கு' என்பது பிரிக்கலாகாத ஒரு கட்டு. அது முதலில் நில்லாது. எஞ்சிய 'வி' முதலில் நின்றே தீர வேண்டும். இருபத்துநான்கு இரண்டாயிற்று: 'விளக்கு', 'விக்குள'. இரண்டில் எது சொல் என்பதைப் பிள்ளை அறியும்.

ஒருநாள் எங்கள் ஊரின் பெயரையே கரும்பலகையிற் கலைத்தெழுதினேன்: 'தை, வ, ஒ, த், கொ, ரு, ட'. ஏழெழுத்துக்கு 5040 நிலை. அளபெடையை நீக்கினால், தனியுயிர் சொல்லின் முதலிலன்றி நில்லாது. ஆகவே ஒகரம் முதல், எஞ்சியது 720. தகர மெய் தன்னினத்தையே வேண்டுதலின் 'த்தை' ஒரு கட்டு, எஞ்சியது 120. குறில் ஒகரம் ககரத்தோடு கூடி மொழிக்கு ஈறாகாது, எஞ்சியது 96. சிங்களப் பெயராயினும் தமிழெழுத்தை உடுத்தவுடன் தமிழிலக்கணத்துக்கு எத்துணை அடங்கி நிற்கின்றது என்று விளக்கத் திரும்பினேன். அதற்குள் வகுப்பு முழுவதும் பெயரைக் கூவிவிட்டது. நாள்தோறும் பஸ்ஸின் நெற்றியிலும் கடைப்பலகைகளிலும் கண்ட பெயர். அவர்களுக்குச் சூத்திரம் வேண்டியிருக்கவில்லை. அறிந்த சொல்லைக் கண் ஒருங்கே பற்றிவிடும், அறியாத சொல்லுக்கே இலக்கணம் ஊன்றுகோலாகும் என்பதை அன்று ஆசிரியன் கற்றான்.

இவ்விதிகளுக்கு வரம்பும் உண்டு. எங்கள் சந்தியில் இரவு பகலாக ஓடுவது 'லொறி'. லகரம் மொழிக்கு முதலாகாது என்று கற்பித்துவிட்டு யன்னலுக்கு வெளியே பார்க்க முடிவதில்லை. வகுப்பில் 'சக்தி' என்றொரு சிறுமியும் இருந்தாள்; அவள் பெயரில் ககரமெய்யின் பின் தகரம் மயங்கி நிற்கின்றது. தற்சமமும் திசைச்சொல்லும் புகுந்த தமிழே நம் பிள்ளைகளின் வீட்டுத்தமிழ். தனித்தமிழ்ச் சொல்லுக்கு இவ்விதி என்றும், வந்தேறிய சொல் இதனை மீறும் என்றும் வெளிப்படச் சொல்லிவிடுதலே நேர்மை.

பழைய தமிழ்ப் புலவருக்கு இவ்விளையாட்டுப் புதியதன்று என்று கூறிப் பெருமிதங் கொள்வாரும் உளர். தண்டியலங்காரம் மிறைக்கவி வகைகளைப் பெயர் கூறி எண்ணுகின்றது. மாலைமாற்று அவற்றுள் ஒன்று. தலைகீழாகப் படித்தாலும் அதுவே வரும். ஏழாம் நூற்றாண்டிலேயே திருஞானசம்பந்தர் அவ்வகையில் ஒரு பதிகம் முழுவதையும் பாடியுள்ளார். மூன்றாந் திருமுறையில் அதனைக் காணலாம். அக்கரச் சுதகம் எழுத்தைக் குறைத்துக் குறைத்துப் புதுப்பொருள் காண்பது. எழுத்து வருத்தனம் கூட்டிக் காண்பது. நம் பொருளுக்கு மிக அணித்தானது கரந்துறைச் செய்யுள். ஒரு செய்யுளின் எழுத்துக்களைப் பொறுக்கிச் சேர்த்தால் வேறொரு செய்யுள் வெளிப்படுமாறு பாடுவது அது. நம் நாட்டு நல்லூர்ச் சின்னத்தம்பிப் புலவர் கல்வளையந்தாதியிற் காட்டிய யமகம் இதற்கு மறுதலையானது: ஆங்கு எழுத்தின் நிரல் மாறுவதில்லை, பிரிக்கும் இடம் மாறுகின்றது, நிரல் ஒன்றாயிருக்கப் பொருள் நான்காகின்றது.

ஆயினும் இவற்றையும் இன்றைய புதிரையும் ஒன்றென்பது பொருந்தாது. மிறைக்கவியில் உழைப்பவன் பாடுவோன். கேட்போன் வியந்து தலையசைத்தால் அமையும்; கரந்ததனை உரைகாரரே எடுத்துக் காட்டிவிடுவர். புதிரிலோ உழைப்பு முழுவதும் விடை காண்பானுடையது. மிறைக்கவிகளுள்ளே கேட்போனையும் அழைத்து அமர்த்துவது வினாவுத்தரம் ஒன்றே எனலாம். திருமகள் பெயர் யாது, போகின்றவனை ஏவுஞ் சொல் யாது, போரிற் செல்லும் கணையின் பெயர் யாது, அழகின் பெயர் யாது எனச் சில்வினாக்களை அடுக்கி, திரு, ஏகு, அம்பு, அம் என்னும் விடைகளைக் கூட்டினால் 'திருவேகம்பம்' என்னும் தலப்பெயர் வருமாறு அமைந்த எடுத்துக்காட்டை மாணவர் சுவைத்தனர். மிறைக்கவியின் பிற வகைகளைக் காட்டியபோது சக்கரத்தின் படத்தை மட்டுமே பார்த்தனர். பரிதிமாற்கலைஞர் 'சித்திரகவி விளக்கம்' என்று ஒரு நூலே எழுதியும், அத்துறை பள்ளிக்கூடத்து வாயிலைத் தாண்டாமைக்கு இதுவே காரணம் என்று எண்ணுகின்றேன்.

புதிரை இயற்றியோன் எண்ணிய விடை ஒன்று, எழுத்துக்கள் தரக்கூடிய விடை வேறொன்று ஆகும் இடமே எல்லாவற்றினும் சுவையுடையது. 1610இல் இத்தாலிய வானியலறிஞர் கலிலியோ, சனிக்கோளைத் தொலைநோக்கியாற் பார்த்து, அதன் இருபுறமும் இரு சிறுகோள்கள் ஒட்டியிருப்பதாகக் கருதினார். கண்டதை உடனே வெளியிட விரும்பாது, முன்னுரிமையையும் இழக்க விரும்பாது, 'மிக உயர்ந்த கோளை மூவுருவாகக் கண்டேன்' என்னும் பொருள்பட்ட இலத்தீன் வாக்கியத்தின் முப்பத்தேழு எழுத்துக்களையும் கலைத்துப் பிறருக்கு அனுப்பினார். பிராக் நகரிலிருந்த கெப்ளர் அவற்றைப் பன்னாள் அடுக்கிப் பார்த்து, செவ்வாய்க்கு இரு துணைக்கோள்கள் உண்டு என்று பொருள்படும் ஒரு வாக்கியத்தை ஒருவாறு ஒப்பேற்றினார். அவ்விலத்தீன் செம்மையுடையதன்று என்பதை அவரே ஒப்புக்கொண்டார். கலிலியோ சொன்னது அதுவன்று. ஆகவே விடை பிழை. கலிலியோ மூவுரு என்று கண்டதோ, சனியின் வளையம் என்பது பின்னர்த் தெளிவாயிற்று. 1877இல் ஆசாப் ஹோல் செவ்வாயின் அருகே துணைக்கோள்களைக் கண்டார். அவை சரியாக இரண்டு. விடைப்பட்டியலின்படி பிழைத்தவர் வானத்தின்படி பிழையாதவரானார். இது தற்செயலே, கெப்ளருக்கு இதனாற் புள்ளி வழங்க வேண்டும் என்று யான் வாதிடவில்லை. என் மாணவனின் விடை தற்செயலன்று. அவன் எழுதியது தமிழ்ச்சொல். பொருளும் அவனுக்குத் தெரியும்.

இத்தகைய இரட்டை விடைகள் தமிழில் அரியவை என்று எண்ணியிருந்தேன். தேடத் தேட வந்துகொண்டேயிருந்தன. 'நகரம்', 'நரகம்' என்பது மேடைப்பேச்சாளர் பலகாலம் பயன்படுத்தித் தேய்ந்துபோன சிலேடை. மழைநாளில் எங்கள் சந்தியில் நிற்போருக்கு மட்டும் இன்னும் புதிது. 'பயணம்' எழுத்து மாறிப் 'பணயம்' ஆகும். 'பாதகம்' மாறிப் 'பாகதம்' ஆகும். பிராகிருத மொழிக்கு அப்பெயர் உண்மை உயர்வகுப்பாருக்குத் தெரியும். இவற்றை ஒருங்கு திரட்டும் வழியை அகராதி தொகுத்தோரிடமிருந்தே கற்கலாம். ஒவ்வொரு சொல்லின் எழுத்தையும் நெடுங்கணக்கு முறையில் அடுக்கி அதன் தலைப்பில் எழுதிவைத்தால், 'கதவு', 'தகவு' இரண்டும் 'க, த, வு' என்னும் ஒரே தலைப்பின்கீழ் வந்து சேரும். கணினி நொடிப்பொழுதில் விடை கூறுவதும் பெரும்பாலும் இவ்வழியாலேயே. அதில் மாயம் யாதும் இல்லை. 1732இல் வீரமாமுனிவர் சதுரகராதியை இயற்றியபோது பெயர், பொருள், தொகை என்பவற்றோடு தொடைக்கும் ஒரு பகுதி வகுத்து, எதுகை நோக்கிச் சொற்களை நிரல்படுத்தினார். சொல்லின் முதலெழுத்து தெரியாதவனும் சொல்லைத் தேடலாம் என்னும் எண்ணம் நமக்கு அவ்வளவு பழையது.

அகராதியை நடுவராக அமர்த்துவதிலும் ஓர் இடர் உண்டு. 1842இல் யாழ்ப்பாணத்தில் வெளிவந்த மானிப்பாய் அகராதியில் ஐம்பத்தெட்டாயிரத்துக்கு மேற்பட்ட சொற்கள் உள்ளன. அவற்றுட் பல எந்த வாயிலும் இன்று வழங்காதவை. அகராதியிலிருந்தால் போதும் என்று விதித்தால், வழக்கிறந்த சொல்லை மனனஞ் செய்தவன் வெல்வான். சொல்லாட்சி உடையவன் தோற்பான். விடைப்பட்டியலே முடிந்த முடிபு என்றால், யான் செய்த பிழை நாடெங்கும் நிகழும். பிள்ளை தான் எழுதிய சொல்லை வைத்து ஒரு வாக்கியம் ஆக்க வல்லனாயின் அதனை ஏற்றல் வேண்டும் என்பது என் துணிபு. பரீட்சைத்தாளில் அதற்கு இடமில்லை என்பர். அங்ஙனமாயின், வினாவை இயற்றுவோர் அவ்வெழுத்துக்கள் தரும் எல்லாச் சொற்களையும் முன்னரே ஆராய்ந்து, இரட்டை விடை வருவதனை விலக்குதல் வேண்டும். அல்லது ஒரு படத்தையேனும் குறிப்பையேனும் உடன் தருதல் வேண்டும். 'வீட்டின் வாயிலை அடைப்பது' என்னும் மூன்று சொற்கள் அச்சிடப்பட்டிருப்பின் அப்பிள்ளைக்கு வழக்கே எழுந்திராது. ஒரு புள்ளி சிறிதாகத் தோன்றலாம்; வெட்டுப்புள்ளிக்கு ஒன்று குறைந்து நின்ற பிள்ளையின் வீட்டாருக்கு அது சிறிதன்று.

அவன் தாளில் இருந்த குறுக்குக் கோட்டை அடித்துச் சரியிட்டு, கூட்டுத்தொகையையும் திருத்திக் கொடுத்தேன். அடுத்த வாரம் அவன் ஒரு கடதாசித் துண்டைக் கொண்டுவந்து என் மேசைமேல் வைத்தான். அதில் 'ம், த, ம, ரு' என்று எழுதியிருந்தது. அன்று காலைதான் உயர்வகுப்பு ஒன்றில் ஐந்திணை நடத்தியிருந்தேன்; தயங்காமல் 'மருதம்' என்று எழுதிக் கொடுத்தேன். அவன் தன் கொப்பியின் கடைசிப் பக்கத்தைத் திறந்து, அங்கே எழுதிவைத்திருந்த விடையோடு ஒப்பிட்டுப் பார்த்தான். சற்று நேரம் எழுத்துக்களை விரலால் எண்ணினான். பின்னர் என் விடைக்கு எதிரே சரி என்று அடையாளமிட்டு, "நான் நினைத்தது தருமம், சேர். ஆனால் இதுவும் வருகுது" என்றான்.